சின்னப் பேட்டரி

றப்பர் தோட்டத்து ஸ்டோர் பொறுப்பாளர் கிருஷ்ணராஜின் மின்சாரக் காருக்கு அன்று காலை உயிரே இல்லை. ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. சாவியால் திறந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

ரம்புக்கனையில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டிருந்தார். போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்ததில் உள்ளுக்குள் நிம்மதிதான்.

மனைவி ஜீவராணியை, இரத்தம் சுத்திகரிக்கக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் குலுங்காமல் கூட்டிப்போகத்தான் அந்தக் காரை வாங்கினார். பங்குனியில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவேயில்லை.

மாவனல்லையிலிருந்து வந்த மெக்கானிக் ஷிராஸ் பொனட்டைத் திறந்து பார்த்தான்.

"பெரிய பேட்டரிக்கு ஒன்னுமில்ல சேர். இந்தச் சின்னதுதான் படுத்துட்டு. இது எழும்பினாத்தான் அது வேல செய்யும்."

"சார்ஜ் நெறைய இருந்துச்சேப்பா?"

"இருந்தென்ன? வண்டி ஓடினாத்தானே அதுலேருந்து இதுக்குக் கரண்ட் வரும். சும்மாவே நின்னா இது வடிஞ்சு போகும். எவ்வளவு நாளா ஓட்டல்ல?"

"கொஞ்ச நாளா" என்றார் கிருஷ்ணராஜ், றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு.

"புதுசு போட்டுத் தாறேன். ஆனா ஓட்டோணும் சேர். மிஸிஸயும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்க."

அவனுக்குத் தெரியாது. "சரி" என்றார்.

மறுநாள் மத்தியானம் வண்டியை எடுத்தார். எங்கே போவது? கடைக்குப் போக ஒரு தேவையில்லை, பார்க்கப் போக ஒரு வீடில்லை. தார் ரோட்டில் ஏறியதும் கை தானாகக் கரவனெல்லப் பக்கம் திருப்பியது. பக்கத்துச் சீட் அவள் சாய்ந்துகொள்ள இறக்கிவிட்டபடியே இருந்தது.

ஆஸ்பத்திரிக் காவலாளி முகம் மலர்ந்து ஓடிவந்து, வழக்கமான நிழலில் இடம் காட்டினான்.

"நோனா எங்க மாத்தயா?" என்று ஜீவராணியைத் தேடிச் சிங்களத்தில் கேட்டான்.

"வாசல்ல எறங்கி உள்ள போயிட்டாங்க" என்று அவரும் சிங்களத்தில் சொல்லிவிட்டார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. சொன்ன பிறகு காத்திருக்காமல் போக முடியுமா?

இரத்தம் சுத்திகரித்து முடிந்தவர்கள் கையில் பஞ்சு ஒட்டியபடி ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவரையும் யாரோ ஒருத்தர் தோள் கொடுத்துக் கூட்டிப்போனார். கடைசி ஆளும் போன பிறகு காவலாளி காரின் கதவைத் திறந்துவிட வந்து நின்றான். முன்பெல்லாம் அப்படித்தான் உதவுவான்.

கிருஷ்ணராஜ் தலை குனிந்தார். "நோனா செத்துப்போயிட்டாங்க. பங்குனியிலயே."

அவன் காலிச் சீட்டைப் பார்த்தான். "அப்ப எதுக்கு மாத்தயா வந்தீங்க?"

"வண்டிய ஓட்டோணும்னு மெக்கானிக் சொன்னான். வேற எங்க போறதுன்னு தெரியல."

அவன் கார்க் கண்ணாடியில் கைவைத்து நின்றான். பின்னால் ஆம்புலன்ஸ் ஹோர்ன் அடித்தது, வழிவிட ஓடினான்.

அவள் இறந்த செய்தியை ஊரெல்லாம் மைத்துனர்கள்தான் சொன்னார்கள். அவர் வாயால் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஓரமாக நிறுத்தி, அழுது ஓய்ந்த பிறகு மெதுவாக வீட்டுக்கு ஓட்டினார்.