கையுறை அறியாத திரை

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவை ஆலை வெந்துகொண்டிருந்தது. துவைக்கும் இயந்திரங்கள் கக்கிய ஈரப் படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டிகளில் மலையாக வந்து இறங்கின. ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஓர் உதறு உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளையின் வாயில் கொடுத்தார்கள். உருளை அதைச் சீறியபடி உள்ளே இழுத்து, மறுபக்கம் மொடமொடவென்று தள்ளியது. நிமிடத்துக்கு நான்கு விரிப்பு. கையில் தடித்த நூல் கையுறை. பத்தாவது விரிப்பிலேயே அது சொட்டச் சொட்ட நனைந்துவிடும். முகத்தில் வழிவது வேர்வையா நீராவியா என்று யாரும் ஆராய்வதில்லை. ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நேற்றுக் காலை மூன்றாம் உருளை ஒரு பெண்ணின் இடது கையை இழுத்தது. இன்று அதுவும் ஓடிக்கொண்டிருந்தது, வேறொரு பெண்ணின் கைகளோடு.

அதன் அருகில் ஆலையின் எலெக்ட்ரீஷியன் நின்றான். "கன்ட்ரோல் சரியா இருக்கான்னு பாரு" என்று முதலாளி அனுப்பியிருந்தார். உருளையை ஓட்டவும் நிறுத்தவும் வைத்த தொடுதிரை பளபளவென்றுதான் இருந்தது. விரிப்பு சுருண்டுகொள்ளும்போதெல்லாம் அந்தப் பெண் வலது கையுறையைப் பல்லால் கவ்விக் கழற்றி, விரலை ஏப்ரனில் துடைத்து, திரையில் 'நிறுத்து' என்ற சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள். ஈர விரல் என்றால் திரை தடுமாறும். கையுறை என்றால் ஏறெடுத்தும் பார்க்காது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. அந்தத் திரையைத் தேர்ந்தெடுத்தவன் அவன்.

ஐந்து மாதத்துக்கு முன் விற்பனைக்காரர் இரண்டு திரை மாதிரிகளை முதலாளியின் குளிரூட்டிய அறையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று சாம்பல் நிறத்தில் மங்கலாக, பழைய கால்குலேட்டருக்குச் சித்தப்பா மாதிரி இருந்தது. அதை அழுத்தித்தான் தொடவேண்டும். ஆனால் கையுறை, நகம், கரண்டிக் காம்பு எது பட்டாலும் கேட்கும். மற்றது செல்போன் போன்ற கண்ணாடி. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். "நீதான் படிச்சவன், நீயே சொல்லு" என்றார் முதலாளி. ஒன்பது வருடத்தில் அந்த அறையில் அவனை உட்காரச் சொன்னது அன்றுதான். காபி வேறு வந்தது.

"ரெண்டையும் ஒருநாள் உருளைல மாட்டிப் பாத்துடலாங்களா சார்?"

"ஒருநாள் உருளைய நிறுத்தச் சொல்றியா?"

அவன் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, உலர்ந்த விரலால் கண்ணாடியைத் தொட்டான். தொட்டதும் கேட்டது. "இதுதான் சார்" என்றான். எட்டு உருளைகளுக்கும் அதுவே வந்தது. முழங்கையால் இடித்தாலே உருளையை நிறுத்தும் பழைய சிவப்புப் பொத்தான்களைக் கழற்றிப் போட்டதும் அவன்தான். சுவர் ஓரத்தில் ஒரே ஒரு பொத்தான் மிஞ்சியது.

கையுறையோடு கேட்க மாட்டேன் என்கிறதே என்று பெண்கள் முதல் வாரமே சொன்னார்கள். "கைய நல்லாத் துடைச்சிட்டுத் தொடுங்கக்கா, பழகிடும்" என்று பதில் சொன்னான். என்ன ஒரு பதில்!

எட்டு மணி டீ இடைவேளையில் வக்கீலம்மா அவனைத் தேடி வந்தாள். எதற்கும் வாதாடுவதால் வந்த பெயர் அது. நேற்று மூன்றாம் உருளையின் மறுமுனையைப் பிடித்தவள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"கேட் வரைக்கும் போனேங்க்கா. திரும்பிட்டேன்."

"கை உள்ள போனதும் அவ என்ன செஞ்சா தெரியுமா? வலது கையுறையக் கடிச்சு இழுத்தா. ஈரத்துல ஒட்டிக்கிட்டு வரல. அப்படியே திரையத் தட்டினா. மூணு தடவ. கேக்கல." வக்கீலம்மாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது. "அப்புறம் அந்தக் கைய ஏப்ரன்ல துடைச்சா, தம்பி. ஒரு கை வெந்துக்கிட்டிருக்கு, இன்னொரு கையத் துடைக்கிறா. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே. நான் சுவத்துக்கு ஓடிப் பொத்தான அமுக்கறதுக்குள்ள..."

அவள் கோபமாகத் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

ஒன்பது மணிக்கு முதலாளி கூப்பிட்டார். அதே அறை. மேசைமேல் விபத்து அறிக்கை தட்டச்சு செய்து தயாராக இருந்தது. இயந்திரத்தில் குறை இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். கீழே எலெக்ட்ரீஷியன் கையெழுத்துக்கு இடம். அது விழுந்தால் கை போன பெண்ணுக்கு வைத்தியச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது.

"சார், அவங்க தட்டியிருக்காங்க. திரைதான் கேக்கல."

"திரைய எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ திரைல குறைன்னா யாரு மாட்டிக்குவா? உன்னக் காப்பாத்தத்தான் இப்படி எழுதியிருக்கேன். போடு."

பேனாவை நீட்டினார். அவன் கை அதை வாங்கவும் செய்தது. அந்த வெட்கத்தை அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. "படிச்சுப் பாத்துத் தரேன் சார்" என்றான்.

"பத்து மணிக்குள்ள வரணும்."

படியிறங்கியவன் தன் அறைக்குப் போகவில்லை. உருளைகளுக்கு நடுவே போய் அறிக்கையை வாய்விட்டுப் படித்தான். பிறகு, திரையை எப்படி எடுத்தான் என்பதையும் சொன்னான். காபியைக்கூட விடவில்லை.

"அடப்பாவி!" என்றாள் விரிப்பு மடிக்கும் பெண். "ஒருதடவ எங்கள மேல கூப்பிட்டுத் தொட்டுப் பாக்கச் சொல்லியிருந்தா என்னய்யா? நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன மட்டும் சொல்லி என்ன?" என்றார் வண்டி தள்ளுபவர். "கையுறையக் கழட்டிட்டு ஓட்டறதப் பாத்துக்கிட்டுத்தான துணி கொண்டாந்து கொட்டினேன்?"

"நான் நாலு மாசமா முணுமுணுத்தேன்" என்றாள் வக்கீலம்மா. "மூணாம் நாளே நிறுத்தியிருக்கணும். ஊருக்கெல்லாம் வாதாடற வாய், இதுக்கு வரல." அறிக்கையை வாங்கித் திருப்பிப் போட்டாள். "பின்பக்கம் எழுது."

'திரையைத் தேர்ந்தெடுத்தது நான்' என்று எழுதினான்.

"சரி, அது இருக்கட்டும். உருளைல மாட்டிப் பாக்க விடலன்னு எழுது. நாங்க சொன்னோம், யாரும் கேக்கலன்னு எழுது. கேக்காதுன்னு தெரிஞ்சும் ஓட்டினோம், அதையும் எழுது."

"நம்ம தலைல நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறதா?" என்றாள் மடிப்புக்காரி.

"பாதி உண்மைய மறைச்சா மீதியையும் எவன் நம்புவான்? எழுது தம்பி. பழைய பொத்தான் திரும்ப வரணும். அடுத்த திரைய இந்த ஈரக் கையுறையோட நாங்க தொட்டுப் பாத்து எடுப்போம். அது வரைக்கும் உருளை ஓடாது."

ஒவ்வோர் உருளையாக நின்றது. முப்பத்தேழு பேர் கையுறையைக் கழற்றி, வெளுத்துச் சுருங்கிய விரல்களால் பேனாவைப் பிடித்தார்கள். கையெழுத்து முடியுமுன் முதலாளி இறங்கி வந்துவிட்டார்.

"எவன் நிறுத்தச் சொன்னது? டேய், ஓட விடு!"

"மாட்டேன் சார்."

"உன்ன மதிச்சு அறைக்குள்ள உக்கார வச்சேனே!"

"அவங்களையும் உக்கார வச்சிருக்கணும் சார். நானாவது கேட்டிருக்கணும்."

"இத்தன பேரையும் வெளிய அனுப்ப எனக்கு ஒரு மணி நேரம் ஆகாது."

"அனுப்புங்க" என்றாள் வக்கீலம்மா. "ஆறு வண்டி ஈரத்துணி நிக்குது. நீங்களே கையுறை மாட்டி ஆரம்பிங்க. நிறுத்தணும்னா மட்டும் கையத் துடைச்சிட்டுத் தொடுங்க."

யாரோ சிரித்தார்கள். முதலாளி காகிதத்தை வாங்காமலே, போனைக் காதில் வைத்தபடி மாடியேறினார். வேறு ஆட்களைத் தேடுகிறாரா, போலீசைக் கூப்பிடுகிறாரா, தெரியவில்லை. வாசலில் இரண்டு வண்டிகளைக் குறுக்கே தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

வக்கீலம்மா காகிதத்தை நாலாக மடித்து அவனிடம் கொடுத்தாள். "அவ கையெழுத்து இல்லாம இது முழுசாகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக்கா போவேன்?"

"இருக்கற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான். வேற எங்க போய் வாங்குவ?" அவள் ஏப்ரனை அவிழ்த்து வண்டிமேல் போட்டாள். பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்:

"இரு, நானும் வரேன். நானும் இன்னும் போகல."