இருட்டைப் போட மறந்த ஆட்டம்

அந்த வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஒருத்தன் இருட்டு செய்துகொண்டிருந்தான். வேடிக்கை இல்லை, அதுதான் அவன் பிழைப்பு. கணினியில் ஆடுகிற ஆட்டங்களை எழுதுகிறவன். இந்த முறை எழுதியது தாவுகிற ஆட்டம். திரை முழுக்கக் கறுப்பு. நடுவே சர்க்கரைக் கட்டி மாதிரி ஒரு வெள்ளைச் சதுரம், அதைச் சுற்றிக் காசளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் வெள்ளைக் கோடாகத் தெரிகிற படியை நம்பித் தாவ வேண்டும். அடுத்தது படியா, குழியா, முள்ளா என்பது போய் விழுந்தால்தான் தெரியும். பாட்டு கிடையாது, பூதம் கிடையாது, கத்திச் சண்டை கிடையாது. நடக்க ஒரு பொத்தான், தாவ ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

"கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குடா. இதப் போய் எவன் வாங்குவான்?" என்றாள் அக்கா, முதல் நாள் ஆடிப் பார்த்துவிட்டு. அக்கா குடும்பம் கீழ் வீட்டில். தெருமுனை மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. மத்தியானம் சாப்பிட வருகிறவள் மாடிக்கு ஏறி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போவாள். 'இருட்டு வியாபாரி' என்று அவனுக்குப் பட்டம் கட்டியதும் அவள்தான்.

வாய் கேலி பேசினாலும் அவளைப் போல ஆட ஆளில்லை. கூட்டாளிகளுக்கு ஆடக் கொடுத்தால், வெளிச்சம் போதவில்லை, படி தெரியவில்லை என்று ஆயிரம் நொட்டை சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அக்கா ஒரு குறையும் சொன்னதில்லை. படியின் ஓரம் வரை போவாள், பின்வாங்குவாள், ஒரு மூச்சு நிதானிப்பாள், தாவுவாள். கண் அந்த வெள்ளைக் கட்டியை விட்டு இம்மி நகராது. அவள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் படிகளைத் தள்ளி வைத்தான், குழிகளை அகலமாக்கினான்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தை எழுதும்போது இருட்டை எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் எழுதுகிறவனே தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். யாராவது ஆட வந்தால் மறுபடி இருட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டும். மழை தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் அவன் போட மறந்துவிட்டான்.

அக்கா ஆட ஆரம்பித்த பிறகுதான் கவனித்தான். படி, குழி, முள், மூலையில் கடைசி வாசல், எல்லாம் திரை முழுக்க வெள்ளைக் கோடுகளாகப் பளிச்சென்று கிடந்தன. குழந்தைகூட இரண்டே நிமிஷத்தில் ஆடி முடித்துவிடும். 'அடடா' என்று வாயெடுத்தவன் அப்படியே நின்றான். அக்கா ஓரம் வரை போனாள். பின்வாங்கினாள். நிதானித்தாள். தாவினாள். கண்ணெதிரே வாயைப் பிளந்துகொண்டிருந்த குழியில் போய் விழுந்தாள்.

"அடப்பாவி, இங்க ஒரு குழி வச்சிருக்கியா!" என்று சிரித்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இருட்டைப் போட்டாலும் எடுத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். எங்கே பார்த்தாலும் அவள் கண்ணுக்குத் தெரிவது நடுவில் அந்தக் கொஞ்சம் இடம் மட்டும்தான்.

"அக்கா, இன்னைக்கு ஆட்டத்துல ஏதாவது வித்தியாசமா இருக்கா?"

"இல்லியே. ஏன்டா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அவள் போன பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். கடையில் கை பட்டு மருந்து பாட்டில் உடையும். "கண்ணக் கழட்டி எங்க வச்ச?" என்று அத்தான் கிண்டல் செய்வார், அவளும் சேர்ந்து சிரிப்பாள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் தினமும் மகள் பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறாள்.

அப்போதே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா? மனுஷன் என்றால் சொல்லியிருப்பான். இவன் கணக்குப் போட்டான். புது ஆட்டங்களை வைத்துக் காட்டுகிற கண்காட்சி வருகிறது. சொன்னால் ஆஸ்பத்திரி, கண்ணுக்கு ஓய்வு, வீட்டில் அமர்க்களம். ஆட்டம் அந்தரத்தில் நிற்கும். கண்காட்சி முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம். நான் என்ன டாக்டரா, எனக்கென்ன தெரியும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம்.

அதோடு விட்டானா? இல்லை. அவனுக்கு இன்னொரு யோசனை தோன்றியது. வெளிச்சத்தை எவ்வளவு சுருக்கினால் ஆள் தவிப்பான், எவ்வளவு விட்டால் தாங்குவான் என்பதுதான் அவனுக்குப் பிடிபடாமலே இருந்தது. தினம் ஒரு துளி சுருக்கி அக்காவுக்குக் கொடுத்தான். அவள் பாட்டுக்கு ஆடினாள். கடைசியில் ஒரு நாள், "என்னடா, இன்னைக்கு ரொம்ப இருட்டா இருக்கு?" என்றாள். அதற்கு முந்தின நாள் அளவையே ஆட்டத்தின் அளவாக வைத்துக்கொண்டான். அக்கா கண்ணை அளந்து ஆட்டத்துக்குச் சட்டை தைத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

காலையில் கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்கும். "மாமா, டாட்டா!" என்று பாப்பா கத்துவாள். ஜன்னலுக்குப் போய்க் கை காட்டுகிறவன், இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்ததுதான். மழைக்காலம் முழுக்க அதோடேயே உட்கார்ந்து வேலை பார்த்தான்.

கண்காட்சியில் அவன் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. ஆட்டங்களை வாங்கி வெளியிடுகிற ஒருவர் ஆடி முடித்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். "இந்த வெளிச்சத்தோட அளவு இருக்கே, அப்படியே உயிர் போகுதுங்க. எப்படிப் புடிச்சீங்க?"

"சும்மா, அப்படி இப்படி மாத்திப் பாத்ததுதான்," என்று இளித்தான்.

அப்போது அத்தான் போன் செய்தார். தெரு வளைவில், பக்கத்துச் சந்திலிருந்து வந்த கார் ஸ்கூட்டரை இடித்துவிட்டது. அக்காவுக்கு நெற்றியில் தையல். பாப்பாவுக்கு வலது கை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அத்தான் குதித்துக்கொண்டிருந்தார். "அவ்ளோ பெரிய கார் வருது, கண்ணு தெரியாதா? புள்ளய வச்சுக்கிட்டு இப்படியா ஓட்டுவ?" அக்கா, "என் தப்புதான், என் தப்புதான்," என்று பாப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் தனக்கு வர வேண்டியது என்று அவனுக்குத் தெரிந்தது.

கார் வந்ததே தெரியவில்லை என்று அவள் சொன்னதால் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார் அவர். ஓரப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. இனி சொட்டு மருந்து விட்டு, இருப்பதைக் காப்பாற்றலாம். "போனது வராதும்மா. மழை தொடங்கின சமயத்துலயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்." எத்தனையோ பேருக்கு அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தவள், சரி சரி என்று தலையாட்டினாள்.

வெளியே பெஞ்சில் அவளும் அவனும் மட்டும் இருந்தார்கள். இதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியும். முன்னாடியே தெரியும். ஒரு நாள் இருட்டப் போடாமயே ஆட்டத்தக் குடுத்துட்டேன். நீ கண்டுபிடிக்கல. நான் சொல்லல. கண்காட்சி போயிருமேன்னு சொல்லல. அப்புறம் உன் கண்ண வச்சே அளவு எடுத்தேன்க்கா." "என்ன செருப்பால அடி."

அவள் அடிக்கவில்லை. கோபம்கூட இல்லை. அவன் முகத்தைக் கண்ணால் தேடிப் பிடித்து, தன் தலையை நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கான்னு அன்னைக்கு நீ கேட்டப்பவே எனக்குத் திக்குன்னுச்சுடா. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. கண்ணக் காட்டிரலாம், வண்டிய எடுக்க வேணாம்னுகூட நெனச்சேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், ஒண்ணுமில்லன்னு சொன்னியே... ஏதாவது இருந்தா என் தம்பி சொல்லாமயா இருப்பான்னு நெனச்சுத்தான் புள்ளய வண்டில ஏத்தினேன்."