மூன்று வருஷத்துத் தொழுகை

ராஜபாளையத்தில் அந்தப் பள்ளிவாசலின் ஜமாஅத் சபையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஜவுளிக்கடை. ஆகவே மார்க்க விஷயங்களைத் தீர்மானிக்கத் தங்களைவிடத் தகுந்தவர்கள் ஊரில் இல்லை என்பதில் அவர்களுக்குள் வேறு அபிப்பிராயம் கிடையாது.

அந்த ஐவரும் சேர்ந்து, பள்ளியில் தொழவைத்துக்கொண்டிருந்த அபுபக்கர் லெப்பையை நீக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்தில் லெப்பை, "நம்ம ஊர்ல ஒரு கடையில கெஜக்கோல் ரெண்டு விரல் குறையுது. அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டார். எந்தக் கடை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மற்ற நான்கு பேரும் சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சொல்லாததால் ஐந்து பேருக்கும் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் ஐந்து வீட்டு அடுப்பிலும் கெஜக்கோல் எரிந்ததாக ஊரில் பேச்சு.

கெஜக்கோலுக்காக நீக்கினோம் என்று எழுத முடியுமா? "மூன்று வருஷமாக இமாம் பிழைபட ஓதி வருகிறார், சபை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது" என்று தீர்மானம் ஆயிற்று. எழுதியவன் மைதீன் பிச்சை. சபைத் தலைவர் சேக் முகைதீன் ராவுத்தரின் கடையில் குமாஸ்தா. சபைக்கும் அவனே எழுத்து. கையெழுத்து அழகு, பேச்சு குறைவு. ஒரு சபைக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே வருவதற்கு முன் அவன் காயல்பட்டினத்தில் ஏழு வருஷம் குர்ஆன் ஓதியவன். ராவுத்தர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. லெப்பைக்கு மட்டும் தெரியும். அவர் ஓதியதில் மூன்று வருஷமாக ஒரு பிழையையும் மைதீன் பிச்சை கண்டதில்லை. ஆனாலும் தீர்மானத்தை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். வீட்டில் நான்கு பிள்ளைகள். ராவுத்தருக்கு வேறு குமாஸ்தா கிடைப்பான். அவனுக்கு வேறு ராவுத்தர் கிடைப்பாரா?

லெப்பை சும்மா இருக்கவில்லை. நீக்கியது செல்லாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ராவுத்தர் மைதீன் பிச்சையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வக்கீல் ஸுந்தரராஜ ஐயங்காரிடம் போனார். ஐயங்கார் தீர்மானத்தை இரண்டு தரம் படித்தார்.

"பேஷ். பிழையை யார் கண்டுபிடிச்சா?"

"எல்லாருந்தான் சாமி."

"உமக்கு அரபி தெரியுமோ?"

"காதுல கேட்டாத் தெரியாதா?"

"உம்ம காதைக் கூண்டிலே ஏத்த முடியாது ஓய். அதிகம் பேசாத ஆளா ஒருத்தனை அனுப்பும்."

ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். பேசாத ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது வன்னியம்பட்டி தாண்டும்வரை ராவுத்தர்தான் பேசிக்கொண்டு வந்தார். "ஏலே, எது வந்தாலும் சபைய விட்டுக்குடுத்துராத. நாக்கு பெரண்டுச்சு, பொறவு கடைப்பக்கம் வந்துராத."

வழக்கு நாளன்று கூண்டில் ஏறிய மைதீன் பிச்சையை லெப்பையின் வக்கீல் கேட்டார்:

"தொழுகையில் இமாம் தப்பாக ஓதினால் பின்னால் நிற்கிறவர்கள் என்ன செய்யவேண்டும்?"

"சரியான சொல்லைச் சத்தமா எடுத்துக் குடுக்கணும்."

"மூன்று வருஷத்தில் யார் எடுத்துக் கொடுத்தது?"

"யாரும் இல்ல."

"ஏன்?"

"சபையோட பொறுமை."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"சரி. பிழையோடு தொழுத தொழுகை சேருமா?"

"சபை சொல்ற மாதிரிப் பிழைன்னா சேராது. திரும்பத் தொழணும்."

"சபை தொழுமா?"

மைதீன் பிச்சை ராவுத்தரைப் பார்த்தான். சபையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

"தொழணும். தலைவர்லருந்து கடைசி ஆள்வரை. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, மூணு வருசத்துக்கு. மார்க்கத்துக்காக இமாமையே நீக்குன சபை இதுக்கா பின்வாங்கும்?"

அவர் ஓதுவது பிழைதானா, நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மூலையில் நின்ற லெப்பை அந்த ஒரு கேள்விக்காகவே காத்திருப்பவர்போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கூண்டைவிட்டு இறங்கிவிட்டான்.

அவர்கள் வண்டி ராஜபாளையம் வந்து சேருவதற்குள் சேதி வந்துவிட்டது. கடை வாசலில் கூட்டம்.

"மொதலாளி, எங்களுக்கும் சேத்து நீங்களே தொழுதுருவீகளா, இல்ல ஆளாளுக்குத் தொழணுமா?"

"எங்கத்தா போன வருசம் மவுத்தாயிட்டாரு. அவரு பங்க யாரு தொழ?"

கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ராவுத்தரின் மனைவி நூர்னிசாவின் குரல் கணீரென்று வந்தது. "நம்ம மக நிக்காவும் அந்த லெப்பைதான ஓதி வச்சாக? மருமகன் வாசல்ல நிக்காரு. உள்ள விடட்டுமா, வேண்டாமா?"

மறுநாளே சபை கூடியது. இமாம் ஓதுவதை மறுபடி நுணுக்கமாக ஆராய்ந்ததில், முதல் நாளிலிருந்தே அது பிழையற்றதாக இருந்து வந்திருப்பது தெரிய வந்தது. யார் ஆராய்ந்தது, எப்போது ஆராய்ந்தது என்ற அற்ப விவரங்களைச் சபை சொல்லவில்லை. மைதீன் பிச்சை இதையும் முத்து முத்தாக எழுதினான். கோர்ட்டில் ராஜி ஆயிற்று. வேலையும் போகவில்லை, லெப்பையும் போகவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கே கொஞ்சம் மயக்கம். தீர்மானத்தை எடுத்துக்கொண்டு அவனே லெப்பை வீட்டுக்குப் போனான்.

லெப்பை அதைப் படித்து மடித்து வைத்தார். "கோர்ட்டுல நல்லாப் பேசுன தம்பி. லெப்பை ஓதுறது சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கலியே அசரத்து."

"நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

அன்றைக்கு அந்திநேர மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளி நிறைந்திருந்தது. முன்வரிசையில் சபையின் ஐவர். இரண்டாவது ரக்அத்தில், ஒரு வசனத்தின் நடுவில், லெப்பையின் குரல் நின்றது. மறந்தாரா, நிறுத்தினாரா, தெரியாது. மூன்று வருஷமாகப் பிழை பிடித்த ஐவரும் தங்கள் கால் பெருவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ராவுத்தர் இருமினார், அது அரபியில்லை.

இரண்டாவது வரிசையில் நின்ற மைதீன் பிச்சைக்கு அடுத்த சொல் நாக்கில் இருந்தது. மௌனமாக இருப்பது அவனுக்குப் பழகிய சுகம். நான்கு பிள்ளைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். கடைசிப் பிள்ளை வந்து போனதும் அவன் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தான், பள்ளி முழுக்கக் கேட்கும்படி. லெப்பை அதை வாங்கிக்கொண்டு மேலே ஓதினார்.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் ராவுத்தர் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒனக்கு ஓதத் தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"இந்த ஊருக்கு வாரதுக்கு முந்தியே."

ராவுத்தர் யோசித்தார். பழக்கமில்லாத வேலை, கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ அன்னைக்குத் தீர்மானம் எழுதுனியே..."

"அன்னைக்கும் தெரியும் மொதலாளி. அவிய மூணு வருசமா ஓதுனது அம்புட்டும் சரி. நான்தான் பொய்யி எழுதுனேன்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். ராவுத்தர் கையை நீட்டினார். மைதீன் பிச்சை இடுப்புக் கயிற்றிலிருந்து கடைச் சாவியை அவிழ்த்து அதில் வைத்தான். நாலு எட்டு நடந்தவன் எதையோ மறந்தவன்போலத் திரும்பினான்.

"மொதலாளி, காலையில சங்கையா ஆசாரி புதுக் கெஜக்கோல் கொண்டாருவாரு. வாங்குறப்ப அளந்து பாத்துக்கிடுங்க."