புகுந்த வீட்டு லென்ஸ்

கலைப்பிரியாவுக்கும் பூவரசனுக்கும் ஜாதகம் பத்துக்கு எட்டு பொருந்தியது. கேமராதான் பொருந்தவில்லை.

திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் கேனான். விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவன் நிக்கான். ஐந்து வருஷமாகக் கபடி மைதானங்களில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படம் பிடித்து, முறைத்து, பிறகு சிரித்து, வருகிற ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா முத்துசாமி வாயைக் கொடுத்தார்.

"கட்டிலு, பீரோ எல்லாம் வாணாம். ரெண்டு பேருக்கும் சேத்துப் பெரிய லென்ஸ் ஒண்ணு எடுத்துத் தர்றேன். எந்தக் கம்பெனின்னு மட்டும் சொல்லுங்க."

கேனான் லென்ஸ் நிக்கானில் உட்காராது. யாராவது ஒருவர் மாறியாக வேண்டும். அது அத்தனை லேசு இல்லை. ஒன்றில் எந்தப் பக்கம் ஜூமைத் திருப்பினால் ஆள் கிட்டே வருவாரோ, மற்றதில் அதே பக்கம் திருப்பினால் தூரப் போய்விடுவார்.

பூவரசனின் அம்மா கோவிந்தம்மாள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். "இதுக்குப் போயி பஞ்சாயத்தா? பொண்ணுதான புகுந்த வூட்டுக்கு வருது. கேமராவும் கூடவே மாறிக்கினு போவுது."

கலைப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. ஊர் மாறலாம், ரேஷன் கார்டில் பேர் மாறலாம். ஐந்து வருஷம் பழகிய கையுமா மாற வேண்டும்? பக்கத்தில் நின்று பூவரசன் சிரித்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பெருமுக்கல் கபடி மேட்சுல கேமராவ மாத்திக்கலாம்," என்றாள் அவனிடம். "அடுத்தவங்க கேமராவுல யாருக்குக் கை வருதோ, அவங்க மாறணும். வராதவங்கள வுட்டுடலாம்."

"டீலு," என்றான் பூவரசன்.

மோசமாகப் படம் எடுப்பவர் ஜெயிக்கும் போட்டி என்று உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து மைதானத்தில் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். கலைப்பிரியா மனசாட்சியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். கபடி பாடி வந்தவளின் முழங்கால், நடுவரின் விசில், கோட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்ற பெரியவர் என்று நாற்பது படம் எடுத்தாயிற்று.

கடைசி நிமிடத்தில் வானூர் அணியின் ஆரோக்கியசெல்வி பாடி போனாள். மூன்று பேர் அவள் காலையும் இடுப்பையும் பிடித்துத் தொங்கினார்கள். நடுக்கோட்டுக்கு இன்னும் ஒரு சாண்தான். கலைப்பிரியாவின் கை யாரையும் கேட்கவில்லை. சரியான பக்கம் திருப்பியது, அமுக்கியது. விரல் நுனி கோட்டைத் தொட்ட நொடி, மண் பறக்க, பல்லைக் கடித்த அந்த முகம் அப்படியே படத்தில் விழுந்தது. அவள் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அழிக்கும் பட்டன்மேல் கட்டைவிரல் போனது. அமுக்கினால் அவள் கேமரா அவளுக்கு மிஞ்சும். மனசு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை எடுத்துவிட்டாள்.

மேட்ச் முடிந்து டீக்கடையில் கேமராக்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பூவரசன் டீ ஆறும் வரை பார்த்தான்.

"சூப்பரா வந்துகீது. அப்ப நீதான் மாறணும்," என்றான். ஜெயித்தவன் குரல் மாதிரி இல்லை.

அவன் எடுத்ததை அவள் பார்த்தாள். தலையில்லாத முண்டங்கள், காலில்லாத தலைகள்.

"நெஜமாவே கை வரல பிரியா," என்று உதட்டைப் பிதுக்கினான்.

அவள் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். 4416-ஆம் படத்தில் ஆரோக்கியசெல்வி பாடி கிளம்புகிறாள். அடுத்த படத்தில் வானூர்க்காரர்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். அதன் எண் 4420.

"யோவ், நடுவுல மூணு எங்க?"

"எந்த மூணு?"

"கல்யாண ஆல்பம் போடுறவகிட்டயே கதை வுடுறியா? கார்ட ரெகவரி போட்டா அழிச்சதெல்லாம் பத்து நிமிஷத்துல வந்துடும்."

பூவரசன் டீ கிளாஸுக்குப் பின்னால் முகத்தை மறைக்கப் பார்த்தான். கிளாஸ் பத்தவில்லை.

"ஷார்ப்பா இருந்துச்சா?"

"இமை முடி வரைக்கும்," என்றான் தரையைப் பார்த்து.

"எனக்கும் கை வந்துச்சு, நான் அழிக்கல. ஒனக்கும் வந்துச்சு, நீ அழிச்சிட்ட. கள்ளாட்டம் ஆடுனவங்கதான் மாறணும்." அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். "அப்பா, கடையில கேனான் லென்ஸே சொல்லிடுங்க. அவரு மாறிக்கிறாராம். ஆங், அவங்க அம்மாகிட்டயும் அவரே சொல்லிடுவாராம்."