கூப்பிடுவது வீடுதான்

"அங்கை எவ்வளவு காட்டுது?" என்று எமில் கேட்டார்.

நான் அடுப்படியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். கை முழுக்க மை. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சின்னத் திரையை எட்டிப் பார்த்தேன்.

"மைனஸ் பதினெட்டு."

"இஞ்சையும் அதுதான். சரி, வைக்கிறன்."

கறிக்கு மிளகு கூடப் போடு என்றோ, வர நேரமாகும் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார். கால் மணித்தியாலம் கழித்து சிமியோன் அண்ணை அழைத்தார். குளிரறையை விட்டு வெளியே வந்த மனிசன், வாசலில் கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியில் களைப்பாற இருந்தாராம். பிறகு எழும்பவில்லை. நெஞ்சு. ஐம்பத்து மூன்று வயது. 2023 செப்ரெம்பர், ஒரு சனிக்கிழமை.

எமில்ராஜ் என் கணவர். குருநகர்க் கரையில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு குளிரறை இருக்கிறது. இறாலும் கணவாயும் நண்டும் வெளியூர் வியாபாரிக்குப் போகும்வரை அதற்குள் கிடக்கும். அதன் இயந்திரமும் சங்கத்துக் கணினிகளும் அவர் பொறுப்பு. சிமியோன் அண்ணை அங்கே காவலாளி.

திரையின் கதை 2022இல் தொடங்கியது. மின்சாரம் பத்து மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற வருடம். ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. இவர் சைக்கிளில் ஒரு நாளைக்கு நாலு தரம் போய்க் குளிரறை வெப்பமானியின் முள்ளைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டிலிருந்தே பார்க்க வழி செய்யவேண்டும் என்று, சங்கத்து இணைய இணைப்பைக் காவல் காக்கும் பெட்டியில், அவர்கள் ஃபயர்வோல் என்பார்கள், முதலில் ஒரு வாசலைத் திறந்துவிட்டார். விலாசம் தெரிந்தவர் எவரும் வெளியிலிருந்து வந்து வெப்பநிலையைப் பார்க்கலாம். ஒரு கிழமையில் அந்தப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தால், பெயர் தெரியாத நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வாசலைத் தட்டிப் பார்த்திருந்தார்கள். அன்று பின்னேரமே அதை அடைத்துவிட்டு வந்தார்.

"குருநகரில ஒரு குளிரறை. அதுக்குள்ள இருக்கிற இறாலைப் பாக்க உலகமே வந்து நிக்குது," என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த விபிஎன். பொது வீதிக்குள்ளேயே எங்கள் இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒரு மூடின வழி. சங்கத்துப் பெட்டியில் சேர்வரை, அதாவது பதில் சொல்லும் பக்கத்தை, அமைத்தார். பழைய ஃபயர்வோல் பெட்டி ஒன்றை வாங்கிவந்து வீட்டில் வைத்து, அதைக் கூப்பிடும் பக்கமாக, கிளையன்ட் ஆக்கினார். ஏன் மறுவளமாகச் செய்யக்கூடாது என்று நான் கேட்டேன். எங்கள் வீட்டு இணையம் சிம் அட்டையில் வருவது. அதற்கு நிலையான விலாசம் கிடையாது. வெளியிலிருந்து ஒருவரும் அதைக் கூப்பிட முடியாது. சங்கத்துக்கு நிலையான விலாசம் உண்டு. ஆகவே கூப்பிடுவது எப்போதும் வீடுதான். சங்கம் காத்திருந்து, வந்தது நம்முடைய ஆள்தானா என்று அவர் எழுதிக் கொடுத்த கணினிச் சான்றிதழைப் பார்த்து, பதில் சொல்லும். மின்சாரம் போய்வந்தால் வீடு தானாகவே திரும்பக் கூப்பிடும். விடுபட்டால் மறுபடியும். பதில் வரும்வரைக்கும் விடாது.

முதல் இரண்டு நாளும் சரிவரவில்லை. இணைப்பு இருக்கிறது, குளிரறை தெரியவில்லை. மூன்றாம் நாள் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு இடத்திலும் ஒரே வரிசை விலாச இலக்கங்களைக் கொடுத்து வைத்திருந்திருக்கிறார். குளிரறையைக் கேட்டால், அந்த இலக்கம் இந்த வீட்டுக்குரியதுதானே என்று பெட்டி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சிரித்தேன். வீட்டு இலக்கங்களை மாற்றிவிட்டுக் குளிரறைக்குப் போய் அங்கிருந்து அழைத்தார். திரையில் எண் வந்துவிட்டது. நிசந்தானா என்று பார்க்கக் குளிரறைக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். பதினெட்டு பதினேழானது, பதினாறானது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"கதவைச் சாத்துங்கோ" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

அவர் போன பிறகும் திரை எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்த சொந்தக்காரர் இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்த கடைசிப் பொருள் அந்த எண். அவர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், நான் இந்தப் பக்கத்திலிருந்து. காலையில் எழும்பி அடுப்படிக்கு வந்தால் முதலில் அதைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுநேரம் பார்த்தேன். எங்கள் ஆட்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசைக்கு ஊரே கோயிலில் நிற்கும். நான் மட்டும் போவதை விட்டிருந்தேன். ஆண்டவரோடு கோபம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பெண்கள் பக்கத்தில் இருந்தால் ஆண்கள் பக்கத்து மூன்றாவது மின்விசிறி கண்ணில் படும். இருபத்தாறு வருடம் அவர் அதற்குக் கீழேதான் நின்றார்.

அப்படி இருந்த ஒரு ஞாயிறுதான் எண் ஏறத் தொடங்கியது. மைனஸ் பதினேழு, பதினைந்து, பதின்மூன்று. விடியற்காலையில் சரக்கு ஏற்றின அவசரத்தில் கதவு சரியாகப் பூட்டப்படவில்லை. சிமியோன் அண்ணைக்கு அழைத்தேன். பூசை நடுவில் எழும்பி ஓடியிருக்கிறார். அந்த வருடத்தில் இப்படி ஐந்து தரம் நடந்தது. ஐந்து தரமும் நான் அழைத்தேன், அவர் ஓடினார். இதை ஒருவருக்கும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2024 ஓகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் நின்றன.

பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு வந்தது, கோடுகள் மாறவில்லை. சங்கத்துக்கு அழைத்தால் குளிரறைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். பொரிக்க வைத்த மீன் கருகிப்போனதும் தெரியாமல் திரைக்கு முன்னால் நின்றேன். வீடு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, அங்கே எடுக்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

மறுநாள் தர்சிகா வந்தாள். அளவெட்டி ஊர்ப் பெண், முப்பது வயதிருக்கும். எமிலின் வேலையைச் சங்கம் இப்போது அவளிடம் கொடுத்திருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாமலே விசயத்தைச் சொன்னாள். எமில் கொடுத்த சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள். திங்கள் இரவோடு முடிந்துவிட்டது. அதனால் எமில் அதே நேரத்தில் வழி கொடுத்திருந்த செயலாளருக்கும் வியாபாரிக்கும்கூட அது அடைபட்டுவிட்டது. புதிய சான்றிதழ் எழுத மூலத் திறப்பு, எல்லாச் சான்றிதழுக்கும் முத்திரை குத்தும் சாவி போன்ற கோப்பு, வேண்டும். அது மேசை லாச்சியில் ஒரு பென்ட்ரைவில் இருக்கிறது, ஆனால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது.

"திறபடாட்டி என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதலிலை இருந்து செய்யவேணும், அன்ரி. கமிற்றி தந்த பேருக்கு மட்டும் புதுசு குடுப்பன்." தலைக்கவசப் பட்டியைத் திருகினாள். "அதிலை இந்த வீடு இல்லை."

சங்கத்து அலுவல் இல்லாத ஒருவருக்கும் வழி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்களாம். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எமிலின் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். இலக்கங்களும் படங்களுமாக நிறைந்த கொப்பி. கடைசிக்கு முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: மூலத் திறப்பு — கதவைச் சாத்து. றெஜினா அடிக்கிற மாதிரி. றெஜினா நான்தான்.

அதைத் தர்சிகா படம் எடுத்துக்கொண்டு போனாள். பின்னேரம் அழைத்தாள். ஆங்கில எழுத்தில் எட்டு விதமாக எழுதிப் பார்த்தாளாம், தமிழிலும் அடித்துப் பார்த்தாளாம், திறக்கவில்லையாம்.

"அடிக்கிற மாதிரி எண்டா என்ன அன்ரி? நீங்கள் ஆருக்கு அடிச்சனீங்கள்?"

அவர் போய்ப் பதினொரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நானே வாறன் என்றேன்.

நான் இருபத்தொரு வருடம் அச்சகத்தில் தட்டச்சு செய்தவள். மரண அறிவித்தல், நினைவு மலர், கலியாண அழைப்பிதழ். எல்லாம் பாமினி எழுத்துருவில். ஆங்கில விசைகளில்தான் தட்டுவோம், தாளில் தமிழ் வரும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஒருநாள் என்னை ஏற்றிப்போக வந்த எமில் அப்படியொரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல பூட்டு உலகத்தில் இல்லை என்று சொன்னது ஞாபகம் வந்தது.

சங்கத்துக்குப் போய் எத்தனையோ மாதம். வாசலில் மீன் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். எந்தப் பெட்டி என்று நான் பார்க்கவில்லை. உள்ளே தலைவர் செபநாயகம் அண்ணையும் சிமியோன் அண்ணையும் நின்றார்கள். எமிலின் கதிரையில் போய் இருந்தேன். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எழுத்துத் தெரிவதில்லை, புள்ளிகள் மட்டும் விழும். பார்க்கத் தேவையும் இல்லை. க, த. ஐகாரக் கொம்பை முதலில் தட்டி அதற்குப் பிறகு வ. அச்சகத்தை விட்டு ஏழு வருடம், விரல்கள் மறக்கவில்லை. ஒரே தரத்தில் திறந்தது.

தர்சிகா என் தோளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். முதலில் சேர்வருக்குப் புதிய சான்றிதழ். அடுத்தது செயலாளருக்கு. அடுத்தது வியாபாரிக்கு. எமிலின் பழைய பட்டியலில், அந்த இரண்டு பேருக்கும் அடுத்து மூன்றாவதாக 'வீடு' என்று இருந்தது. அதில் வந்து அவள் கை நின்றது. தலைவரைப் பார்த்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கதைத்தார். பிள்ளை, உன்ரை மனசு எனக்கு விளங்குது, ஆனால் உனக்கு ஒண்டு குடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேப்பினம் என்றார். குளிரறையைப் பார்க்கச் சிமியோன் இருக்கிறானே, இந்த ஒரு வருடத்துக்குள் ஐந்து தரம் சரக்கைக் காப்பாற்றினவன், அதற்காகச் சங்கம் அவனுக்குப் பொன்னாடையும் போர்த்தியது என்றார்.

நான் எழும்பினேன். கையில் கொப்பி மட்டும் இருந்தது.

சிமியோன் அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். கோயிலில் நிற்பதுபோல நின்று என்னைக் காட்டினார்.

"தலைவர், அந்தப் பொன்னாடை உவவுக்குரியது."

"என்ன சொல்லுறாய்?"

"நான் பூசையிலை நிண்டனான். எனக்கென்ன தெரியும் உள்ளுக்கு எவ்வளவு எண்டு? உவதான் வீட்டிலை இருந்து பாத்துப்போட்டு போன் அடிச்சது. அஞ்சு தரமும். கதவைப் பூட்டாமல் விட்டதும் நான்தான். சொல்ல வெக்கமாய்க் கிடந்தது."

தலைவர் சிமியோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை இந்த ஊரிலை ஒரு ஆள் பூசைக்கு வராமல் இருக்கத்தான் வேணும் போலை," என்றார். "சாமியாருக்கு நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதையுங்கோ." தர்சிகாவின் பக்கம் திரும்பினார். "உந்த மூண்டாவதையும் எழுதும் பிள்ளை. கமிற்றிக்கு நான் கதைக்கிறன்."

எத்தனை வருடத்துக்குப் போடுவது என்று தர்சிகா கேட்டாள். பத்து வருடமும் போடலாமாம். அவர் போட்டது போல இரண்டு போதும் என்றேன். இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் நான் வந்து அந்தக் கதிரையில் இருந்து தட்டவேண்டிவரும்.

அவளே என்னோடு வீட்டுக்கு வந்து புதிய சான்றிதழை வீட்டுப் பெட்டியில் ஏற்றினாள். ஒரு நிமிடமும் ஆகவில்லை. வீடு கூப்பிட்டது. பெட்டியின் பதிவில் அந்த வரி விழுந்ததைக் காட்டினாள். அதற்கு மேலே வரிசையாக இரண்டு நாளைக்குத் தோற்றுப்போன அழைப்புகள், பத்து செக்கனுக்கு ஒன்று. அவற்றுக்கும் மேலே, திங்கள் இரவு வரைக்கும் ஓடின பழைய இணைப்பு. அது எமில் தன் கையால் எழுதின சான்றிதழோடு போனது. அதை நான் விரலால் தொட்டேன். தர்சிகா தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவள் போன பிறகு கைபேசி அடித்தது. சிமியோன் அண்ணை. குளிரறை வாசலில் நிற்பதாகச் சொன்னார். சரிவந்துவிட்டதா, அங்கே எவ்வளவு என்று கேட்டார்.

கோடுகள் போயிருந்தன. மைனஸ் பதினெட்டு.