எழுதாமல் விட்ட ஒன்றரை மணி நேரம்

பதினோராவது முறையும் பஞ்சு காலை வாரிவிட்டது. குடுவையில் இருந்த தாமிரக் கரைசல் நேற்று எவ்வளவு நீலமாக இருந்ததோ அதே நீலத்தில் இருந்தது. புவனாவுக்கு அழுகையாக வந்தது.

மில்லில் கழித்துப் போடும் பஞ்சில் அக்ரிலிக் அமிலத்தைக் கிளை கிளையாக வளர்த்தால், அது முலாம் பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். பீளமேட்டுக் கல்லூரியில் அதுதான் அவள் ஆராய்ச்சி. போன வருஷம், தொண்ணூற்று நாலு மே மாதம், ஒரே ஒரு தடவை பிரமாதமாக வந்தது. நீலமெல்லாம் பஞ்சுக்குப் போய்த் தண்ணீர் தெளிந்து நின்றது. அது மறுபடி வந்தால்தான் டாக்டர் பட்டம். நோட்டில் அறுபது டிகிரி, மூன்று மணி நேரம் என்று அவளே எழுதியிருக்கிறாள்.

எழுதியது முழு உண்மை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அமிலத்தைக் கூட்டினாள், குறைத்தாள், சூட்டை மாற்றினாள். அந்த மத்தியானத்தின் பக்கம் மட்டும் போகவில்லை.

அன்று பாதியில் கரண்ட் போய், குடுவை நின்ற வெந்நீர்த் தொட்டி மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. கூட ஆராய்ச்சி செய்த கிருபாசங்கர் அவளைப் பார்க்காமலே, "ஏனுங்க புவனா, ஜெர்மனிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் வாரீங்களா? உங்க ஊட்டுல வந்து கேக்கட்டுங்களா?" என்றான். ஒன்றரை மணி நேரம் என்னென்னவோ பேசினார்கள். அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மகராசி. அவனோடு தனியாக இருந்தது தெரிந்தால் பேச்சு அன்னூரில் வீடு வரைக்கும் போய்விடும் என்று பயந்து, கரண்ட் போனதையே நோட்டில் எழுதாமல் மறைத்தாள். அவன் போய்விட்டான். போன வாரம் அவனுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது.

பன்னிரண்டாவது முறை, பாதியில் அவளே சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொட்டி ஆற ஆற, அவன் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. "வாரேனுங்க," என்றாள் எதிரே இருந்த காலி ஸ்டூலிடம். சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

மறுநாள் அந்தப் பஞ்சைப் போட்ட தாமிரக் கரைசலில் நீலம் இல்லை. போன வருஷம் கரண்ட் போனதை அவள் சொல்லக் கேட்டு, வழிகாட்டி பாலகோபால் சார் குடுவையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "சூடு மெல்லக் குறைஞ்சதுல கிளையெல்லாம் நல்லா நீளமா வளந்திருக்குது. ஏனம்மணி, இத்தனை நாளா இதைச் சொல்லலை?"

"எழுதாம உட்டுப்போட்டேனுங்க சார்."

அவர் திட்டவில்லை. "ஒருக்கா வந்ததை யாரும் நம்ப மாட்டாங்க. இன்னும் மூணு தடவை, அதே ஒன்றரை மணி நேரம் நிறுத்தி, செஞ்சு காட்டோணும். சும்மா உக்காந்திருக்கறது சிரமந்தான்..."

"சிரமமில்லீங்க சார்," என்றாள் புவனா, அவர் முடிப்பதற்குள். "இப்பவே ஆரம்பிக்கட்டுங்களா?"