நாத்தனார் இருக்கும் ஊரில்

பூம் கணவாய்க்குள் கார் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. கைப்பேசித் திரையில் ஒரு விடுதி அறையின் படம் பாதி வந்து அப்படியே நின்றது. கட்டிலின் கால்மாடும் பச்சைப் போர்வையும் தெரிந்தன, தலைமாடு வரவேயில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிஷ்கெக்கில் எங்கே தங்குவது என்று ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக யோசிக்கிறேன். எங்கள் கோச்கோர் ஊர்க்காரர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. தலைநகரில் சொந்தக்காரர் இருந்தால் அவர் வீடு, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக்காரர் வீடு. விடுதியெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வருகிறவர்களுக்கும்தான் என்று நானே கடையில் உட்கார்ந்து கேலி பேசியிருக்கிறேன்.

காலடியில் ஒரு பை. அதில் ஆட்டுத்தொடை. என் வீட்டுக்காரர் எசென்குல் காலையில் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தது. "அக்காகிட்ட குடு. போன தடவை மாதிரி அன்னிக்கே ஓடி வந்துடாதே. ரெண்டு நாள் இருந்துட்டு வா, அவளும் தனியாத்தானே கிடக்கா" என்றார். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். போன தடவையும் அப்படித்தான் நம்பினார். அன்று நான் சரக்கு எடுக்கவில்லை. இடது மார்பில், அக்குளை ஒட்டி, காய்ந்த கொண்டைக்கடலை மாதிரி ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அதில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துக்கொண்டார்கள். நாளைக் காலையில் முடிவு சொல்வார்கள்.

பயமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டுச் சொல்லத் தெரியவில்லை. காருக்குள் சூடு வைத்திருந்தும் உள்ளங்கால் சில்லென்றிருந்தது. ஆனால் சாவை நினைத்து வந்த பயத்தைவிட நாத்தனாரை நினைத்து வந்த பயம்தான் பெரிதாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. கூட வந்தவரை டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். கூட வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார் என்பார். என் நாத்தனார் புர்மாகான் அக்கா இதைச் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவள் வீட்டுக்காரர் தோக்தோசுன் அத்தானுக்கு வயிற்றில் வந்தது. "புண்தான், பத்தியமா இருந்தா ஆறிடும்" என்று அக்கா சொன்னாள். ஒரு தடவைகூட அவள் குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை. அத்தான் அதை நம்பி, கோடையில் இன்னொரு அறை கட்டுவதற்காகச் செங்கல் வாங்கினார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செங்கல் இறக்க வந்தவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவருக்கு மட்டும் தெரியாது. கோடை வருவதற்குள் போய்விட்டார்.

நான் செங்கல் வாங்க விரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். அக்கா வீட்டில் தங்கினால் அவள் ஆஸ்பத்திரிக்கு வருவாள், தடுக்க முடியாது. வந்தால் டாக்டர் அவளிடம்தான் சொல்வார். யாருமே கூட இல்லாவிட்டால் என்னிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதனால்தான் விடுதி. அதையும் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே பிடித்தேன், நடந்து போகும்போது தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடக் கூடாதென்று. எங்கள் ஊர் ஆள் இல்லாத தெரு அந்த நகரத்தில் கிடையாது.

எல்லாம் யோசித்தவள் ஆட்டுத்தொடையை யோசிக்கவில்லை. நகரத்தின் புகைக்குள் கார் இறங்கிய பிறகுதான் பை காலில் இடித்தது. வேறு வழியில்லாமல் டிரைவர் பெக்தூரிடம் நீட்டினேன்.

"இதை புர்மாகான் அக்கா வீட்டுல குடுத்துடு தம்பி. அவரு குடுத்தனுப்பினாருன்னு மட்டும் சொல்லு. நான் வந்ததைச் சொல்லாதே."

பெக்தூர் விடுதியின் பெயர்ப்பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிக்கா" என்றான். அவன் வாயில் எதுவும் நிற்காதென்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது!

பெண்களுக்கான அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். எதிர்க்கட்டிலில் யாருடைய பெட்டிகளோ கிடந்தன, ஆட்களைக் காணோம். எனக்குக் கீழ்க்கட்டில். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தேன். கை தானாக அக்குள் பக்கம் போயிற்று. இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் கையை எடுத்துவிடுவது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பது. இரண்டு வாரமாக இதுதான் பிழைப்பு.

வெளிச்சம் முழுதாகப் போகுமுன்பே கதவு படாரென்று திறந்தது. புர்மாகான் அக்கா நின்றாள். தையல் கூடத்து உடையைக்கூட மாற்றாமல் வீட்டிலிருந்து வந்திருந்தாள், சட்டைக் கையெல்லாம் நூல் ஒட்டியிருந்தது. கையில் துணியில் கட்டிய ஒரு மூட்டை.

"எந்திரிடி."

"அக்கா..."

"ஏன், என் வீட்டுல பாம்பு படுத்திருக்கா? உங்க தம்பி பொண்டாட்டி ஓட்டல்ல இறங்கியிருக்காங்கன்னு பெக்தூர் என் வாசல்ல நின்னு கத்துறான். பக்கத்து வீட்டுக்காரி வேலியைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறா. கறியைக் குடுத்துட்டு மானத்தை வாங்கிட்டுப் போயிட்டான்."

"சொல்லாதேன்னு சொன்னேனே."

"அதையும் சேர்த்துத்தான் சொன்னான். என்னடி இது இருட்டு, துரைசானிக்கு வெளிச்சம் ஆகாதோ?"

விறுவிறுவென்று போய்த் திரையை இழுத்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் இரும்புக் கேட் தெரிந்தது. அது எதற்கான ஆஸ்பத்திரி என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அத்தானுக்காக, அவருக்குத் தெரியாமல், அவள் ஒரு வருஷம் தனியாகப் போய் வந்த கேட். திரையைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றாள்.

"எங்க?" என்றாள் திரும்பாமல்.

கையை வைத்துக் காட்டினேன். அப்புறம்தான் அவள் பார்க்கவில்லை என்று உறைத்து, வாயால் சொன்னேன்.

"எசென்குலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் வந்து டாக்டர்கிட்ட பேசிக்கறேன். நீ கவலைப்படாதே."

அந்தக் குரல். பத்தியமாக இருந்தால் ஆறிவிடும் என்று சொன்ன அதே குரல்.

"இதுக்குத்தான்க்கா உங்க வீட்டுக்கு வரல. நீங்க டாக்டர்கிட்ட பேசுவீங்க. வெளிய வந்து, ஒண்ணுமில்லடி, வெறும் கொழுப்புக் கட்டிம்பீங்க. நானும் நம்பிடுவேன். உங்களை மாதிரிப் பொய் சொல்ல இந்த நாட்டுலயே ஆள் கிடையாது."

இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அவள் மெல்ல எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாரு" என்றாள்.

"ஆமா. சிரிச்சுக்கிட்டே செங்கல் வாங்கினாரு."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். மூட்டை கட்டில் மேலேயே இருந்தது. போகட்டும், நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் படியில் அவள் காலடிச் சத்தம் தேய்ந்தபோது, ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்றும் இருந்தது. அந்த அறையில் தனியாக இருக்க முடியும் என்று கோச்கோரில் என்ன தைரியத்தில் நினைத்தேனோ தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். அக்குளில் விடுதிக்காரர்கள் கொடுத்த படுக்கை விரிப்பு.

"உன் தலைக்கு மேல இருக்கிற கட்டில்தான் காலியாம். எடுத்துட்டேன்."

"வீடு இருக்கப்ப எதுக்குக்கா?"

"நீ கேக்குறியா அதை? உனக்கு என் வீடு ஆகலேன்னா எனக்கு இந்த ஓட்டல் ஆகும். நகரு."

"நீங்க பெரியவங்க, கீழ படுங்க. நான் மேல ஏறிக்கறேன்."

"நோயாளி கீழதான் படுக்கணும்."

"நான் நோயாளின்னு யாரு சொன்னது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மூட்டையை அவிழ்த்தாள். மாவைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணெயில் பொரித்த போர்சோக், இன்னும் சூடாக இருந்தது. விடுதிக்காரப் பெண்ணிடம் வெந்நீர் வாங்கி டீ போட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கையேந்தி வேண்டிக்கொண்டு முகத்தைத் தடவியபோது அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளங்கைக்குள் முகத்தை வைத்திருந்தாள். பிறகு, அறுபது வயதில் அந்தப் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். கட்டில் அழுதது. நான் கீழே படுத்து, என் மேலே தொங்கிய அந்தப் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது புரண்டுகொண்டே இருந்தது.

காலையில் நடைக்கூடத்து பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். "உள்ள வரக் கூடாது" என்றேன். "வரல" என்றாள். எனக்கு முன்னால் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி தனியாகத்தான் உள்ளே போனாள். போன சுருக்கில் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் எங்களைத் தாண்டிப் போகும்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயது. என் தாளைப் படித்தார், மறுபடியும் மேலிருந்து படித்தார்.

"யாரோட வந்தீங்க?"

"தனியாத்தான்."

"வீட்டுக்காரர்?"

"ஊர்ல."

பேனாவை மூடினார், திறந்தார். "யாராவது பெரியவங்களைக் கூட்டிட்டு வந்தா நல்லது."

"அம்பத்திரண்டு வயசாச்சு தம்பி. நானே பெரியவதான். சொல்லு."

"அப்படி வழக்கமில்லைங்க."

சிவப்புக் கோட்டுக்காரியிடம் யாரோடு வந்தாய் என்று கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்திருப்பாளா? எனக்குக் காது அடைத்தது. விடுதி, கேட், பொய், பெக்தூர், எல்லாம் சேர்த்து நான் கட்டிய கோட்டையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று தோன்றவேயில்லை. தனியாக வந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? சொல்லாமலே அனுப்பிவிடலாமே!

டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். "சைராகுல் கூட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

புர்மாகான் அக்கா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. டாக்டர் அவளை உள்ளே வரச் சொன்னார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தொட்டேன், சூடாக இருந்தது. நான் உட்காரவில்லை. கதவின் வெள்ளைப் பெயிண்ட் கைப்பிடியைச் சுற்றி உரிந்து போயிருந்தது. எத்தனை பேர் முகத்தைச் சரிசெய்துகொண்டு இதைப் பிடித்துத் திறந்திருப்பார்கள்! இன்னும் ஒரு நிமிஷத்தில் அவளும் வருவாள். ஒன்றுமில்லடி என்பாள். அந்த முகத்தை நான் எவ்வளவு தோண்டினாலும் எதுவும் கிடைக்காது. நானும் தலையாட்டிக்கொண்டு ஊருக்குப் போய், கடைக்கு அடுத்த வருஷச் சரக்குக்கு முன்பணம் கட்டுவேன். நின்றுகொண்டே அழுகை வந்தது. அழுதால் அவளுக்குப் பொய் சொல்வது இன்னும் சுலபமாகிவிடும் என்று அதையும் விழுங்கினேன்.

உள்ளே டாக்டர் குரல் ஏதோ தொடங்கியது. உடனே அவள் குரல் அதை வெட்டியது. மறுபடி அவர். மறுபடி அவள், இன்னும் சத்தமாக. கதவு திறந்தது.

அவள் வெளியே வரவில்லை. கதவு மூடிவிடாதபடி இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். தலைத்துணி நழுவித் தோளில் கிடந்தது.

"உள்ள வாடி" என்றாள், காது கேட்காதவள் போல உரக்க. நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. "நான் ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை கேக்கல. நீ வந்தப்புறம்தான் சொல்லணும்னுட்டேன்."

உள்ளே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவள் என்னை அதில் உட்கார்த்திவிட்டுப் பின்னால் நின்றாள். என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கதவை ஒரு தடவை பார்த்தார், சாத்தியிருந்தது. பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.